ஹர்ப்பு மாஸ்டரின் வலது கால்

"ஸ்டியரிங்கை நெரிக்காதீங்க மேடம். அது உங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணலை."

நான் பிடியைத் தளர்த்துகிறேன். அடுத்த திருப்பம் வருவதற்குள் விரல்கள் மறுபடியும் இறுகிவிடுகின்றன. பக்கத்து இருக்கையிலிருந்து "ஹர்ப்பூ" என்று சத்தம் வருகிறது. உதட்டைக் குவித்து, கடைசி எழுத்தை நீட்டி, குழந்தையைத் தூங்கவைக்கிற தொனியில். எதிரே ஒரு தண்ணீர் லாரி சாலை முழுவதையும் தனதென்று எண்ணிக்கொண்டு வருகிறது. "ஹர்ப்பூ, மேடம், ஹர்ப்பூ." லாரி போய்விடுகிறது. நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அவர் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார்.

முதல் நாள் அதை ஏதோ வசவு என்றுதான் நினைத்தேன். நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்க வருகிறவளை யாராக இருந்தாலும் வையத்தான் செய்வார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். மறுநாள்தான் அது எபிரேயச் சொல் என்று தெரிந்தது. பூமி நிலைமாறி மலைகள் கடலுக்குள் சரிகிற ஒரு சங்கீதம் பைபிளில் இருக்கிறதாம். அதன் முடிவில் கடவுள், அமர்ந்திருந்து நான் யாரென்று அறிந்துகொள்ளுங்கள் என்கிறார். அமர்ந்திருப்பது என்றால் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவது என்று இவரும் ரொம்ப காலம் நம்பியிருந்தாராம்.

"மூலத்துல உட்காரு, நில்லுன்னு ஒண்ணுமே கிடையாது மேடம். கையைத் தளர்த்து, பிடிச்சிருக்கறதை விடு. அவ்வளவுதான். ராஃபாங்கறது வேர்ச்சொல். சோர்ந்து தொங்கற கையைச் சொல்லவும் இதே வார்த்தை. நகரத்தை அழிக்க ஓங்கின கையை இறக்குன்னு தூதன்கிட்ட சொல்றப்பவும் இதே வார்த்தை. இப்ப மூணாவது கியருக்கு மாத்துங்க."

அதனால் அவருக்கு ஹர்ப்பு மாஸ்டர் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியவில்லை. அவருடைய காதுக்கும் அது எட்டியிருக்கிறது. வருத்தம் ஒன்றுமில்லை, 'பூ'வை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம்.

ஆள் குள்ளம், உருண்டை. முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருப்பார். மூக்குக் கண்ணாடி தொலையாமல் இருக்கக் கழுத்தில் கயிறு. ஷூ லேஸில் இரட்டை முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு. பெடலில் லேஸ் மாட்டி ஒருவன் சுவரில் மோதியதை இளம் வயதில் பார்த்தாராம். அன்றிலிருந்து அந்த முடிச்சுகளை வீட்டு வாசலைத் தவிர வேறெங்கும் அவிழ்த்ததில்லை.

அவருடைய பயிற்சிக் காரில் இரண்டு பிரேக். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. பின் இருக்கையில் செங்கல் பருமனில் ஒரு எபிரேயச் சொல்லகராதி இருக்கும். அதற்கும் சீட் பெல்ட் போட்டிருப்பார். கேட்டால், பெல்ட் போடாத எதுவும் தன் வண்டியில் ஏறாது என்பார். மாணவர்கள் தேர்வில் ஓட்டிக்காட்டும் நேரங்களில், லைசென்ஸ் அலுவலகத்துச் சிமெண்டு பெஞ்சில் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கடந்திருக்கிறார். பல வருடங்களாகியும் பாதிப் புத்தகம்தான் முடிந்திருக்கிறது. ஒரு சொல் பிடித்துப்போனால் அதைவிட்டு நகர மனம் வராது என்கிறார்.

எல்லாவற்றையும் சரியாகத்தான் படித்தார் என்று சொல்ல முடியாது. ஒருமுறை, விடுவதும் குணமாவதும் எபிரேயத்தில் ஒரே சொல் என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு வாரம் முழுக்கப் பாடம் எடுத்திருக்கிறார். பிறகு அகராதியில் பார்த்தால் அவை வேறு வேறு சொற்கள். அதற்குள் அந்தப் பெண் லைசென்ஸ் வாங்கி, கல்யாணமும் செய்துகொண்டு போய்விட்டாள். விடுவாரா மனிதர்? அவளுடைய அப்பாவிடம் எண் வாங்கித் தொலைபேசியில் கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு முதலில் யார் பேசுவதென்றே புரியவில்லை.

அவருக்குப் பிடித்த நகைச்சுவையும் அதே சங்கீதத்தில்தான் இருக்கிறது. கையை விடச் சொல்வதற்கு ஒரு வசனம் முன்னால் கடவுள் போர்களை ஓயப்பண்ணி, வில்லை ஒடித்து, வண்டிகளைத் தீயில் போட்டுவிடுகிறார். "அகலோத்னு இருக்கு மேடம். வண்டிங்க. முதல்ல வண்டியைக் கொளுத்திட்டு அப்புறம்தான் கையை விடுங்கறார். நாமதான் வண்டியை ஓட்டிக்கிட்டே கையை விடப் பாக்கறோம்." இதை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாகத் தானே சிரிப்பார்.

அவர் மனைவி நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸ். மாணவர்கள் முன்னால் அவரை இவர் "நர்ஸம்மா" என்பார். அந்த அம்மா இவரை "இவர்" என்பார், நேரே பார்த்துப் பேசும்போதுகூட. பயிற்சி வண்டி எந்தத் தெருவில் போக வேண்டும் என்பதை அந்த அம்மாவின் நோயாளிகள்தான் முடிவு செய்கிறார்கள். நான் இடதுபக்கத் திருப்பம் கற்றது கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளும் ஒரு கிழவர் வீட்டு வாசலில். பின்னோக்கி எடுக்கக் கற்றது பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியின் சந்தில். வகுப்பு முழுவதும் அந்த அம்மா பின் இருக்கையில் அகராதிக்குப் பக்கத்தில் மருந்துப் பையோடு உட்கார்ந்து வருவார். நான் தப்பு செய்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், பையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். அவரை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

இந்த எபிரேயப் பித்து மாஸ்டருக்கு எப்படிப் பிடித்தது என்று அக்காதான் சொன்னார். இவர் அப்போது வண்டிக்குள் இருந்தார், அந்தக் கால் புண் கிழவர் கதவைத் திறக்க நாங்கள் காத்திருந்தோம். பல வருடங்களுக்கு முன் அக்காவுக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. பிழைப்பாரா என்பதே சந்தேகம். போதகர் வந்து இந்த வசனத்தைப் படித்தபோது இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டதாம். பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போது அமர்ந்திருப்பது எப்படி என்று சண்டைக்குப் போயிருக்கிறார். போதகர் நல்ல மனிதர். மூலத்தில் அது கையைத் தளர்த்துவது என்றுதான் படித்த ஞாபகம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இவர் குனிந்து பார்த்தால், கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. விரல்களை அவரால் பிரிக்க முடியவில்லை, போதகர்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இப்போது அந்த அக்காவுக்கு ஒரு சிக்கல். ஆற்றுக்கு அந்தப்பக்கம் மேட்டுக் குடியிருப்புகளுக்கு அவர் வேலை பார்க்கும் சுகாதார நிலையம் புதிதாகச் சேவை ஆரம்பிக்கிறது. அங்கே பேருந்து போகாது. நிலையமே ஒரு சிறிய கார் கொடுக்கிறது, லைசென்ஸ் உள்ள நர்ஸுக்கு. இல்லாதவர்கள் இந்த மாதக் கடைசியோடு வீடு தேடிப் போகிற வேலையை விட்டுவிட்டு, வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கிழிக்க வேண்டும். அந்தக் கிழவர் வேறு எந்த நர்ஸுக்கும் கதவைத் திறக்க மாட்டார். அவரும் மகள் வீட்டோடு ஆற்றுக்கு அந்தப்பக்கம் போகப்போகிறார். அக்கா ஏற்கெனவே இரண்டு தடவை தேர்வில் தோற்றிருந்தார். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரின் பெண்டாட்டி இரண்டு தடவை தோற்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அக்காவின் மூன்றாவது தேர்வும் என்னுடைய முதல் தேர்வும் ஒரே நாளில் அமைந்தன. லைசென்ஸ் அலுவலகத்துக்குப் பின்னால் வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை. அதன் முடிவில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டைத் தொடாமல் நிறுத்த வேண்டும். பக்கத்து இருக்கையில் ஆய்வாளர் உட்கார்ந்து வருவார். எப்போதும் வாயில் ஒரு புதினா மிட்டாய், பேச்சு கிடையாது. நான் வளைவுகளை எல்லாம் அழகாக எடுத்தேன். எப்போதும் அழுத்துகிற அளவு பிரேக்கை அழுத்தினேன். வண்டி எப்போதும்போல நிற்கவில்லை. சாவகாசமாகக் கோட்டின் மேல் ஏறித்தான் நின்றது. ஆய்வாளர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, எங்கள் மாஸ்டரிடம் படித்தவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தோற்கிறார்கள் என்றார்.

தொங்கிய முகத்தோடு வந்து பெஞ்சில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல அவருக்கு நேரமில்லை. அக்கா வண்டியில் ஏறியிருந்தார். மாஸ்டர் மடியில் அகராதி திறந்திருந்தது, பார்வை மட்டும் பாதையில். வண்டி வளைவுகளைக் கடந்து கோட்டை நெருங்கியது. அப்போது தற்செயலாகக் கீழே பார்த்தேன். மாஸ்டரின் வலது கால், மூன்று முடிச்சுப் போட்ட பளபளக்கும் ஷூவோடு, சிமெண்டுத் தரையை மெல்ல, ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப்பக்கம் வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

திரும்பிப் போகும்போது நான் ஓட்டினேன். அக்கா பின்னால் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அழவில்லை, ஆனால் பையை மடியில் வைக்காமல் காலடியில் போட்டிருந்தார். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பெஞ்சில் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். மாஸ்டர் சிரித்தார். தரையை அழுத்தினால் வண்டி நிற்குமா என்று கேட்டார். வகுப்பில் தான் தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டதே கிடையாது என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அக்கா முன்னால் சாய்ந்து, அடுத்த சந்திப்பில் என்னை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தினேன். வண்டி பூப்போல நின்றது. அதற்கடுத்த சந்திப்பிலும் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் பூப்போல நின்றது.

"மேடம் பிரேக் போடறப்ப எல்லாம் இவர் முட்டியும் அசையுது" என்றார் அக்கா. மாஸ்டர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார், யாரோ அதைத் தனக்குத் தெரியாமல் அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டதுபோல. நாங்கள் எல்லோரும் இத்தனை நாளும் பாதி பிரேக்தான் போட்டிருக்கிறோம். மீதிப் பாதியை அவர் போட்டிருக்கிறார். எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார் அக்கா. கட்டினேன். எனக்கு இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது, ஆனால் பத்திரிகைக்கு எழுதுகிறவளுக்கு அந்த மாதிரி நேரத்தில் காலும் நகராது, காதும் மூடாது.

"அந்த வார்த்தையை ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு" என்றார் அக்கா. "உங்க காலுக்கு மட்டும் யாரும் சொல்லலை."

மாஸ்டர் என்னைப் பார்க்காமல், பின்னாலும் திரும்பாமல், முன்கண்ணாடியைப் பார்த்தே சொன்னார். "அந்த மேட்டு ரோட்டை நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஒரு பக்கம் சுவரே இல்லை. அந்த வண்டியில ஒரே ஒரு பிரேக்தான்."

"இருக்கட்டும். அதை நான் போட்டுக்கறேன்."

"நீ போடுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா "அந்த வசனத்துல அடுத்த வார்த்தை என்ன?" என்று கேட்டார்.

"யாதா" என்றார் மாஸ்டர். எந்த நேரத்தில் கேட்டாலும் அவருக்கு இது தானாக வந்துவிடும். "அறிஞ்சுக்கறது. புத்தகத்துல படிச்சு இல்லை, கூடவே வாழ்ந்து அறியறது. புருஷன் பெண்டாட்டியை அறியறதுக்கும் அதே வார்த்தைதான்."

"கையை விடறது முதல்ல வருதா, அறியறது முதல்ல வருதா?"

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "விடறதுதான் முதல்ல வருது" என்றார்.

அக்கா கீழே கிடந்த மருந்துப் பையை எடுத்து, முன்னால் நீட்டி, மாஸ்டரின் காலடியில், அவருடைய பிரேக்கை மறிக்கிற மாதிரி வைத்தார். கட்டுத் துணியும் பாட்டிலும் கத்தரியும் உள்ள கனத்த பை. மாஸ்டர் இரண்டு காலையும் ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அன்றிலிருந்து அந்தப் பை அங்கேதான் இருந்தது. முதல் நாள் அக்கா ஓட்டி ஒரு சந்திப்பை முழுசாகத் தாண்டிப் போய் நின்றார். நானும் சளைத்தவளில்லை, ஒரு குப்பைத் தொட்டியைத் தொட்டுவிட்டு வந்தேன். மாஸ்டர் ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் "ஹர்ப்பூ" என்றோம். கைப்பிடியை விட்டார், அடுத்த வளைவில் திரும்பப் பிடித்தார். சில நாள்களில் எங்கள் கால்களுக்குப் புத்தி வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் அழுத்த வேண்டும், இவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும் என்று அவை தாமாகவே தெரிந்துகொண்டன. மாஸ்டருடைய காலைப் பற்றித்தான் எங்களுக்கு நிச்சயமில்லை. பையின் ஓரத்தில் ஷூ முனை வந்து இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் செய்தார். பழைய மாணவர்களில் கோட்டில் தோற்றுப்போனவர்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டார். தப்பு உங்கள் மேல் இல்லை, என் கால் மேல் என்று சொன்னார். அவர்களில் பலர் வேறிடத்தில் கற்று எப்போதோ லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். ஒருவர் சொந்தமாகப் பேருந்தே ஓட்டிக்கொண்டிருந்தார். வந்து மறுபடியும் இலவசமாகப் படியுங்கள் என்று அவரையும் கூப்பிட்டாராம்.

மாதக் கடைசியில் அக்காவுக்கு நான்காவது தேர்வு. எனக்கும் அன்றுதான் மறுதேர்வு. நான் முதலில் போய், கோட்டுக்கு முன்னால் கௌரவமாக நிறுத்திவிட்டு வந்தேன். ஆய்வாளர் மிட்டாயை மாற்றக்கூட இல்லை. பெஞ்சுக்கு வந்தபோது மாஸ்டர் வாழ்த்து சொன்னார், குரல் ஒட்டவில்லை. அகராதியை அன்றைக்கு விரிக்கவில்லை, பக்கத்தில் வைத்திருந்தார். அந்தப் பெஞ்சுக்கு பெல்ட் கிடையாது, அதனால் ஒரு கையை அதன்மேல் வைத்திருந்தார்.

அக்கா ஏறினார். மருந்துப் பையை என் தேர்வுக்கு முன்பே வண்டியிலிருந்து எடுத்துத் தன்னிடம் வைத்திருந்தார், ஆய்வாளருக்குக் கால் வைக்க இடம் வேண்டுமே; போவதற்கு முன் அதை எங்களிடம் கொடுத்தார். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மாஸ்டரின் காலடி காலியாக இருந்தது.

வண்டி கிளம்பியது. முதல் வளைவு சரியாக அமைந்தது. இரண்டாவதும் அப்படியே. மாஸ்டரின் வலது கால் முன்னே நகர்ந்தது, நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். சட்டென்று குனிந்தார். லேஸைப் பிடித்து இழுத்தார். முதல் முடிச்சு அவிழ்ந்தது, இரண்டாவது சிக்கிக்கொண்டது, நகத்தால் கிளறினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது வளைவில் அக்கா திரும்பும்போது ஒரு ஷூ கழன்று விழுந்தது, பிறகு மற்றதும். ஹர்ப்பு மாஸ்டர், முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாக, லைசென்ஸ் அலுவலகத்துச் சிமெண்டு பெஞ்சின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அகராதியின் மேலிருந்த கையையும் எடுத்துவிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், நேரே பாதையைப் பார்த்தார்.

வண்டி கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஆய்வாளர் இறங்கித் தலையசைத்தார். அக்கா கதவைத் திறந்து எங்கள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். அதற்கப்புறமும் வெகு நேரம் மாஸ்டர் காலைக் கீழே இறக்கவே இல்லை.